இடஞ்சுட்டும் மரபு: இத்தாலிய மொழியும் தமிழும்
(பழனி மலைநாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு)

முன்னுரை

பிறமொழி கற்கத் தொடங்குவோன் முதற்கண் பயிலும் பகுதிகளுள் ஒன்று, தன் ஊரையும் நாட்டையும் அம்மொழியிற் சொல்லும் முறையாகும். யாண்டு உள்ளாய், எவ்வூரினை, உன் நாடு எத்தகையது என்னும் வினாக்களுக்கு விடை கூறப் பயிலாமல் எம்மொழிப் பயிற்சியும் மேற்செல்வதில்லை. இப்பகுதி எளிது எனக் கருதி, இடப்பெயர்ப் பட்டியல் ஒன்றையும் உருபுகள் சிலவற்றையும் மனப்பாடம் செய்வித்து அப்பாற் செல்லுதல் பாடநூல்களின் வழக்கம். ஆயினும், ஒரு மொழி இடம் என்னும் பொருளை எவ்வாறு பகுத்துக் காண்கிறது என்பது இப்பகுதியிலேயே முதலில் வெளிப்படுகிறது.

இத்தாலிய மொழி பயிலும் தமிழ் மாணவன் ஒருவன் பழனி மலைநாட்டைப் பற்றி அம்மொழியில் ஐந்தாறு தொடர் எழுத முற்படுகிறான் என்று கொள்வோம். 'பழனியில்', 'கொடைக்கானலில்', 'மலையில்', 'தமிழ்நாட்டில்', 'இந்தியாவில்' என எல்லாவிடத்தும் 'இல்' என்னும் ஓர் உருபினையே இட்டு அவன் பழகியவன். இத்தாலிய மொழியோ ஒவ்வோரிடத்தும் அவனை நிறுத்தி, 'நீ கூறும் இடம் ஊரோ, நாடோ, மலையோ? மலையாயின் இன்ன மலை என்று சுட்டப்படுவதோ, மலைவாழ்வு என்னும் பொதுமையோ?' என்று வினவுகிறது. அவ்வினாவிற்கு விடை தேடுங்கால் தன் மொழியின் இடமரபு எத்தகையது என்பதையும் அவன் எண்ணிப் பார்க்க நேர்கிறது. அவ்வழியே சென்று, திணை என்பதை 'நிலப்பகுதி' என்று மட்டும் பெயர்த்தெழுதும் இக்கால வழக்கு பொருந்துமா என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இத்தாலிய மொழியில் இடவகை

இத்தாலிய மொழியில் வேற்றுமை உருபுகள் பெயர்க்கு முன்னர் நிற்பன. அவற்றை ஈண்டு முன்னுருபு என்போம். பெயர்க்கு முன் நின்று அதன் பாலையும் எண்ணையும் காட்டும் சிறுசொற்களும் அம்மொழியில் உள. அவற்றைப் பெயர்ச்சுட்டு என்போம்.

ஊர்ப்பெயர்க்கு 'ஆ' என்னும் முன்னுருபு வரும். 'ஆ ரோமா' என்பது ரோமில் எனவும், 'ஆ மிலானோ' என்பது மிலானில் எனவும் பொருள்படும். நாட்டின் பெயர்க்கும், அந்நாட்டின் உட்பிரிவாகிய மண்டிலப் பெயர்க்கும் 'இன்' என்னும் முன்னுருபு வரும். 'இன் இத்தாலியா', 'இன் தொஸ்கானா' என்பன காண்க. தீவுகளுள்ளும் பெரியன நாட்டோடு சேர்ந்து 'இன் சிசீலியா' எனவும், சிறியன ஊரோடு சேர்ந்து 'ஆ காப்ரி' எனவும் நிற்கும். மண்டிலப் பெயர்களுள் சில பெயர்ச்சுட்டினையும் வேண்டி, 'நெல் லாத்சியோ', 'நெல்லே மார்க்கே' என முன்னுருபும் சுட்டும் ஒன்றாய்ப் புணர்ந்து வரும். எழுவாயாகுமிடத்து மண்டிலமும் நாடும் பெயர்ச்சுட்டுப் பெறும். ஊர்ப்பெயர், விலக்காகிய சில நீங்கலாக, அதனைப் பெறாது. இத்தாலியின் 20 மண்டிலப் பெயர்களையும் கற்கும் மாணவன் அவற்றொடு இவ்வேறுபாட்டையும் சேர்த்தே கற்றாக வேண்டும்.

இம்முறை இத்தாலியர் புதிதாகப் படைத்துக்கொண்டதன்று. தாய்மொழியாகிய இலத்தீனில் ஊர்ப்பெயரும் சிறுதீவின் பெயரும் முன்னுருபின்றித் தாமே விகுதி திரிந்து இடப்பொருள் தந்தன. நாட்டுப்பெயரும் பெருந்தீவின் பெயரும் முன்னுருபு பெற்றன. விகுதிகள் தேய்ந்தொழிந்த பின்னரும் ஊர் வேறு, நாடு வேறு என்னும் பாகுபாடு மட்டும் 'ஆ', 'இன்' என்னும் இரண்டன் வேறுபாடாய் நிலைத்துவிட்டது.

இனி, இலத்தீன் காத்த வேறொரு பாகுபாட்டினை இத்தாலிய மொழி இழந்தது. ஓரிடத்தில் இருத்தலும் ஓரிடத்திற்குச் செல்லுதலும் இலத்தீனில் விகுதியால் வேறுபட்டன. இத்தாலிய மொழியில் 'ரோமில் இருக்கிறேன்' என்பதற்கும் 'ரோமுக்குச் செல்கிறேன்' என்பதற்கும் 'ஆ ரோமா' என்பது ஒன்றே. வினைச்சொல்லே பொருளை வேறுபடுத்தும். புறப்படுதல் என்னும் வினை 'பெர்' என்னும் வேறு முன்னுருபினைக் கொள்வது போன்ற சிலவிடங்களிலேயே செல்லுதற்பொருள் தனியே விளங்கும்.

2. தமிழில் ஏழாவதும் நான்காவதும்

தமிழ் இதற்கு நேர்மாறான நெறியிற் செல்கிறது. 'பழனியில் இருக்கிறான்' என்பதும் 'பழனிக்குச் செல்கிறான்' என்பதும் உருபாலேயே வேறுபட்டன. முன்னது ஏழாவது, பின்னது நான்காவது. இவ்வேறுபாட்டினைக் குழந்தையும் பிழையாது. ஆனால், ஊராயினும் நாடாயினும் மலையாயினும் தீவாயினும் உருபு வேறுபடுவதில்லை. சுருங்கக் கூறின், இத்தாலிய மொழி இடத்தின் வகையைக் காட்டி இருத்தலையும் செல்லுதலையும் மயங்கவிடுகிறது. தமிழ் இருத்தலையும் செல்லுதலையும் காட்டி இடத்தின் வகையை உருபாற் காட்டாது விடுகிறது.

இதனால் தமிழ் இடவகையைக் கருதவேயில்லை என்று முடிவு கட்டுதல் தவறாகும். தொல்காப்பியர் ஏழாவதன் பொருளைக் கூறுமிடத்து வினைசெய்யும் இடம், நிலம், காலம் என மூன்றினை வகுத்தார். கண் முதலாக இடம் ஈறாக 19 சொற்களை அதன் திறத்தனவாகத் தொகுத்துரைத்தார். பவணந்தியார் நன்னூலில் அவற்றை 28 ஆகப் பெருக்கினார். உள், புறம், மேல், கீழ், முன், பின், தலை, கடை எனவரும் இச்சொற்கள் ஓரிடத்தின் எப்பகுதி என்பதனை நுணுகிக் காட்டுவன. இடத்தின் வகையினும் இடத்தினுள் நிற்கும் நிலையே தமிழிலக்கண நூலார்க்குப் பெரிதாகத் தோன்றிற்று எனலாம்.

உயர்திணைக்கும் அஃறிணைக்கும் உள்ள வேறுபாடு இடப்பொருளிலும் புகுதல் இருமொழிக்கும் பொது. இக்கால வழக்கில் 'ஊரில்' என்போம்; 'மருத்துவரில்' என்னாது 'மருத்துவரிடம்' என்போம். இத்தாலியரும் மருத்துவரிடம் செல்லுதற்கு ஊர்க்குரிய முன்னுருபினை இடாது 'தா' என்னும் வேறொன்றனை இடுவர். அதே 'தா' நீங்கற்பொருளிலும் வரும். 'தா ரோமா' என்பது ரோமிலிருந்து எனப் பொருள்படும். இத்தாலிய 'இன்' என்பதும் தமிழின் ஐந்தாம் உருபாகிய 'இன்' என்பதும் ஒலியால் ஒத்தல் தற்செயலே. ஒன்று உள்ளிடத்தையும் மற்றொன்று நீங்கல் முதலிய பொருள்களையும் காட்டுவன ஆகலின், ஒலியொப்புமை கொண்டு உறவு கற்பித்தல் கூடாது.

3. சுட்டின் மூன்று நிலை

இடஞ்சுட்டலில் இருமொழியும் நெருங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. தமிழ்ச் சுட்டெழுத்துகள் அ, இ, உ என மூன்று. உகரச் சுட்டு தமிழகப் பேச்சுவழக்கில் வீழ்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்து வழக்கிலோ 'உது', 'உவன்', 'உங்கை' என இன்றும் வாழ்கிறது. கேட்போன் பக்கத்துள்ளதனை அஃது உணர்த்தும். இத்தாலிய மொழியிலும் பொதுவழக்கில் அண்மைக்கு ஒன்றும் சேய்மைக்கு ஒன்றுமாக இரண்டே சுட்டுகள் பயில்கின்றன. தொஸ்கானா மண்டிலத்தில் மட்டும் கேட்போன் பக்கத்தைக் குறிக்கும் 'கொதேஸ்தோ' என்னும் மூன்றாவது சுட்டும், அதனோடு ஒத்த இடச்சொற்களும் வழங்குகின்றன. இரு மொழியிலும் மூன்றாவது சுட்டு ஒரு நிலப்பகுதியின் வழக்காகச் சுருங்கியமை குறிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்து மாணவன் தொஸ்கானா வழக்கினை எளிதிற் பற்றிக்கொள்வான். தமிழக மாணவன் அதனைத் தன் இலக்கண நூலிலிருந்தே உணர்தல் வேண்டும்.

4. பழனி என்னும் பெயர்

இனி நாம் எடுத்துக்கொண்ட மலைநாட்டிற்கு வருவோம். 'பழனிமலை' என்று தமிழர் கூறுங்கால் முருகன் கோயில் கொண்டுள்ள குன்றினையே பெரும்பாலும் கருதுவர். அக்குன்று ஊரினுள் தனித்து நிற்பது; சிவகிரி எனவும் பெயர் பெறுவது. இடும்பன் சிவகிரி, சத்திகிரி என்னும் இரண்டனையும் காவடியாகச் சுமந்து வந்தான் என்பது தலபுராண மரபு. நிலநூலார் 'பழனி மலைகள்' என்று கூறுவதோ மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கு நோக்கிப் பிரிந்து, பெரும்பாலும் திண்டுக்கல் மாவட்டத்திற் பரந்து, 2,500 மீட்டருக்கு மேல் உயரும் மலைத்தொகுதியை. வராககிரி என்பது அதன் மற்றொரு பெயர்.

இவ்விரு பொருளும் ஒரு பெயரில் மயங்குதலால் இடர்ப்பாடு விளைகிறது. 'கொடைக்கானல் பழனி மலையில் உள்ளது' என்னும் தொடர் நிலநூல் முறையாற் சரியே. ஆயினும், காவடி எடுத்துப் பழனிமலைக்குச் சென்று வந்த சிற்றூரார் அதனைக் கேட்பின் வியப்புறுவர். அவர் ஏறிய மலையிற் கொடைக்கானல் இல்லை. 'மலைகள்' என்னும் பன்மையும், 'மலைத்தொடர்' என்னும் தொகைச்சொல்லும் இக்காலத்தில் இவ்விடரைத் தீர்த்தற்குப் பயன்படுகின்றன.

இத்தாலிய மொழியிலோ இம்மயக்கம் எழுதத் தொடங்கும்போதே தடைப்படும். ஊரைக் கருதின் 'ஆ பழனி' எனல் வேண்டும். கோயிற் குன்றினைக் கருதின் 'கொல்லே' என்னும் சொல்லொடு 'மேல்' எனப் பொருள்படும் 'சு' என்னும் முன்னுருபினையும் பெயர்ச்சுட்டினையும் புணர்த்து, ஒருமையிற் கூறவேண்டும். மலைத்தொகுதியைக் கருதின் பன்மைச் சுட்டொடு 'சுயி மோன்தி' எனத் தொடங்கவேண்டும். எதனைக் கருதினோம் என்று துணியாது ஒரு தொடரும் எழுதவியலாது.

பழம்பெயர்களை நோக்கின், தமிழர் இவ்வேறுபாட்டினை உருபில் வையாது பெயரிலேயே வைத்தனர் என்பது புலனாகும். திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களுள் மூன்றாவதாகக் கூறுவது திருவாவினன்குடி. 'குடி' என்னும் இறுதியே அஃது ஊர் என்பதைக் காட்டிவிடுகிறது. அந்நூலின் ஐந்தாவது பகுதியாகிய குன்றுதோறாடல் ஓரிடத்தின் பெயரே அன்று; குன்றுகள்தோறும் என எல்லாவற்றையும் தனித்தனியே தழுவிநிற்பது. ஒன்றனை ஊரென்றும் மற்றொன்றனை வரையறையற்ற மலையிடமென்றும் நக்கீரர் பிரித்துணர்ந்தார்; இரண்டனையும் முருகன் இருக்கை என்னும் ஒரே வரிசையில் வைத்தார். மேல்மலை, கீழ்மலைச் சிற்றூர்ப் பெயர்களும் அவ்வாறே. பூம்பாறை, மன்னவனூர், குண்டுபட்டி, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர், பெருமாள்மலை என வருவனவற்றின் இறுதிச்சொற்கள் பாறை, ஊர், பட்டி, காடு, குடி, மலை என இடத்தின் வகையை உணர்த்துகின்றன. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியின் பயனை ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946-இல் வெளியிட்ட 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலால் தமிழுலகம் நன்கறியும். இத்தாலிய முன்னுருபு செய்யும் பணியைத் தமிழில் ஊர்ப்பெயரின் ஈறு செய்கிறது என்பது அவ்வாராய்ச்சிக்கு நாம் சேர்க்க விரும்பும் சிறு குறிப்பாகும்.

5. கொடைக்கானலும் திசைச்சொற்களும்

கொடைக்கானல் என்றும் கோடைக்கானல் என்றும் இருவகையாக எழுதப்பெறும் ஊர் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் 1845-இல் அங்குக் குடியேறினர். மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு என்பார் 1863-இல் ஏரியை அமைத்தார். கதிரவன் ஆய்வுக்கூடம் 1899-இல் நிறுவப்பெற்றது. ஊர் இவ்வாறு புதிதாக வளர்ந்ததாயினும் அப்பக்கத்து மலையின் பெயர் பழமையானதாகலாம். புறநானூற்று 205-ஆம் பாட்டிற் பெருந்தலைச் சாத்தனாரால் பாடப்பெற்ற கடிய நெடுவேட்டுவன் கோடைமலைத் தலைவன். அம்மலை இதுவே என்று கொள்வாரும் உளர்.

ஊர்ப்பெயரின் முற்பகுதிக்குப் பலர் பலவாறு பொருளுரைப்பர். நம் ஆராய்ச்சிக்கு வேண்டியது பிற்பகுதியே. 'கானல்' சங்க நூல்களிற் கடற்கரைச் சோலை, நெய்தற் சொல். சிலப்பதிகாரத்துக் கானல்வரி புகார்க் கடற்கரையில் நிகழ்வது. அச்சொல் ஈண்டு மலையுச்சியில் நிற்கிறது. ஒருகால் வந்த வழு எனத் தள்ளுதற்கும் இடமில்லை. அண்மையிலேயே வட்டக்கானல் என்னும் பெயரும் உளது. காடு என்னும் பொருளுடைய 'கான்', 'கானம்' என்பவற்றோடு இச்சொல் இயைந்து, மலைமக்கள் வழக்கிற் சோலைக்காட்டினை உணர்த்திற்று என்று கொள்ளுதல் பொருந்தும். பழனி என்பதனையும் வயல் எனப் பொருள்படும் 'பழனம்' என்னும் மருதச் சொல்லோடு இயைப்பார் உளர். பொதினி என்பதன் திரிபு என்பாரும் உளர். நெய்தற் சொல்லும் மருதச் சொல்லும் மலைநாட்டின் பெயர்களுள் இடம்பெறக் கூடுமாயின், சொல் ஒன்றனைக் கண்ட அளவில் நிலத்தை முடிவுசெய்தல் ஆகாது என்பது தெளிவு.

இம்மலைவாழ்நர் தம் நாட்டினை மேல்மலை, கீழ்மலை எனப் பகுப்பர். பூம்பாறை, மன்னவனூர் முதலியன மேல்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலியன கீழ்மலை. மேல்மலை உயரத்தாலும் மேலது, திசையாலும் மேற்கிலுள்ளது. தமிழில் மேற்கு, கிழக்கு என்னும் திசைப்பெயர்கள் மேல், கீழ் என்பவற்றினின்று பிறந்தன என்பதும், மேற்கில் மலை உயர்ந்து கிழக்கில் நிலம் தாழ்ந்த நாட்டின் அமைப்பே அதற்குக் காரணம் என்பதும் கால்டுவெல் முதலாக அறிஞர் பலரும் எடுத்துக்காட்டியவை. அத்திசைப்பெயர் பிறந்த முறையைப் பழனி மலைநாடு தன் இருபகுதிப் பெயரில் இன்றும் காட்டிநிற்கிறது. ஆயினும், பழனி ஊரினர்க்கு இம்மலை தெற்கே, பெரியகுளத்தார்க்கு வடக்கே. மேலே செல்கிறேன் என்று அவ்விருவரும் கூறுங்கால் 'மேல்' என்பது திசைப்பொருள் நீங்கி உயர்ச்சிப்பொருள் ஒன்றே உணர்த்தும்.

இத்தாலியரும் நிலத்தையும் கதிரவனையும் கொண்டு திசையும் நாடும் பெயரிட்டனர். 'பியெமோன்தே' என்பது மலையடி என்னும் பொருளது; நம் 'அடிவாரம்' போன்றது. 'ஆல்தோ ஆதிஜே' என்பது ஆதிஜே ஆற்றின் மேற்பகுதி. தென்னாட்டினை நண்பகல் எனப் பொருள்படும் 'மெத்சோஜோர்னோ' என்னும் சொல்லாற் குறிப்பர்; நண்பகலிற் கதிரவன் அந்நாட்டார்க்குத் தென்பால் நிற்றலின். தமிழர் மலையை நோக்கித் திசைக்குப் பெயரிட்டனர். இத்தாலியர் கதிரவனை நோக்கி நாட்டுக்குப் பெயரிட்டனர். இரண்டும் அவ்வந்நாட்டில் நின்று நோக்கினாலன்றி விளங்கா.

6. திணையும் நிலப்பகுதியும்

இக்கட்டுரையின் தலையாய வினா இனி வருவது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்பவற்றைப் பிறமொழியிற் பெயர்ப்போர் 'மலைப்பகுதி', 'காட்டுப்பகுதி' என நிலப்பகுதிப் பெயராக அமைப்பது பெருவழக்கு. இத்தாலிய மொழியில் அதற்கு நேரான 'ரெஜோனே' என்னும் சொல், தொஸ்கானா, லாத்சியோ போன்ற எல்லையுடைய மண்டிலத்தைக் குறிப்பது. அச்சொல்லாற் குறிஞ்சியைப் பெயர்ப்பின் படிப்போன் நிலப்படத்தில் அதன் எல்லையைத் தேடுவான்.

இம்மொழிபெயர்ப்பு பொருந்தாமைக்குப் பழனி மலைநாடே தக்க சான்று. மாமூலனார் பாடிய அகநானூற்று முதற்பாட்டில் நெடுவேள் ஆவியின் பொதினி கூறப்பெறுகிறது. பொதினி இக்காலப் பழனி என்பது அறிஞர் பலர் துணிபு. யானை திரியும் மலைநாட்டூர் அது. ஆங்குச் சாணை பிடிப்போன் அரக்கொடு பொருத்திய கல்லைப் போலப் பிரியோம் என்று கூறிய தலைவன், அச்சொல் மறந்து சுரம் சென்றான் எனத் தலைவி வருந்துகிறாள். பாட்டின் திணையோ பாலை. பொதினியைக் கூறும் அகநானூற்று 61-ஆம் பாட்டும் மாமூலனார் பாடியதே, அதுவும் பாலையே. புறநானூற்றில் இந்நாட்டுத் தலைவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகனைப் பற்றிய பாட்டுகள் 141 முதல் 147 வரை ஏழு. பரணர், கபிலர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் பாடியவை. அவற்றுள் முதலிரண்டும் பாடாண். ஏனைய ஐந்தும் பேகன் துறந்த மனைவி பொருட்டுப் பாடப்பெற்ற பெருந்திணை. மயிலுக்குப் போர்வை அளித்தான் என்று புகழப்பெற்ற மலைநாட்டு வள்ளல் அவன். அகப்பாட்டு இரண்டனுள்ளும் இந்நாட்டின் பெயர் பிரிவுத்துயர்க்கே துணையாயிற்று. புறப்பாட்டு ஐந்தனுள்ளும் கைவிடப்பட்டாளது துயர்க்கே களமாயிற்று. நிலம் நோக்கித் திணை கூறப்புகுவோன் இவற்றைக் குறிஞ்சி என்றே மயங்குவான்.

இதற்கு ஒரு தடை கூறலாம். தொல்காப்பியரே முல்லை முதலிய நான்கற்கும் நிலமும் தெய்வமும் வகுத்தார். ஆகவே, திணையை நிலம் என்றல் அவர்க்கு உடன்பாடன்றோ எனின், முழுதும் அன்று. அவர் நிலத்தினைப் பொழுதொடு சேர்த்து முதற்பொருள் என்றார். திணையின் உயிராகப் புணர்தல், பிரிதல் முதலிய உரிப்பொருளை வைத்தார். உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் பெறும் என்றார். நிலம் ஒருங்கு மயங்குதல் பற்றிய விதிக்கு உரையாசிரியர் கொண்ட பொருள் வேறுபடினும், உரிப்பொருளே திணையைத் துணிதற்குக் கருவி என்பது உரைகளால் தெளியப்படும். பாலைக்குத் தனிநிலம் வகுக்கப்படாமையும் இதனை வலியுறுத்தும்.

மேலும், ஏழாம் வேற்றுமைக்குப் பொருள் கூறுமிடத்து நிலத்தையும் காலத்தையும் அடுத்தடுத்து வைத்த ஆசிரியரே முதற்பொருளையும் நிலம், பொழுது என இரண்டாக வகுத்தார். வினை நிகழ்தற்கு இடமும் காலமும் வேண்டுமாறு போல, உரிப்பொருள் நிகழ்தற்கு நிலமும் பொழுதும் வேண்டும். சொல்லதிகாரத்தில் ஒரு தொடர்க்குரியதாக நின்ற அமைப்பு பொருளதிகாரத்தில் ஒரு பாட்டுக்குரியதாக விரிந்தது எனலாம். இக்கருத்து ஏற்புடைத்தாயின், திணைநிலம் என்பது நிலப்படத்துப் பகுதியாகாது. நிகழ்ச்சியொன்று நடத்தற்குரிய இடமாகும்.

இத்தாலிய மொழியில் இப்பொருளை உணர்த்தும் வழி இல்லையோ எனின், உண்டு. 'இன் மொந்தாஞ்ஞா', 'இன் கம்பாஞ்ஞா', 'அல் மாரே' என்னும் தொடர்களை மாணவர் தொடக்கத்திலேயே கற்பர். மலைக்கு, நாட்டுப்புறத்திற்கு, கடற்கரைக்கு என்பன அவற்றின் பொருள். 'இன் மொந்தாஞ்ஞா' என்புழி மலைப்பெயர் சுட்டின்றி நிற்கிறது. இன்ன மலை என்னாது, மலையில் வாழும் வாழ்வு, அதற்குரிய தட்பவெப்பம், தொழில் யாவும் அதனுள் அடங்கும். இன்ன மலை என்று சுட்ட வேண்டின் 'சுல் மோன்தே' என வேறு சொல்லும் வேறு முன்னுருபும் பெயர்ச்சுட்டும் வரும். எனவே, குறிஞ்சியைப் பெயர்க்கப் புகுவோன் 'ரெஜோனே' என்னும் சொல்லைவிட இத்தொடரின் நெறியைப் பின்பற்றல் தகும். முழுப்பொருத்தம் இதனினும் இல்லை. கூதிர், யாமம் என்னும் பொழுதும், புணர்தல் என்னும் ஒழுக்கமும் அத்தொடரில் இல்லை. ஆயினும், எல்லைக்கோடு தீட்டிய மண்டிலம் என்னும் பிழையுணர்வு எழாது.

மக்கட்பெயரும் இவ்வேறுபாட்டினைக் காட்டும். இத்தாலியர் ஊர்ப்பெயரொடு விகுதி சேர்த்து 'ரொமானோ', 'மிலானேசே', 'ஜெனொவேசே' என ஊரினரைக் குறிப்பர். தமிழில் 'மதுரையார்', 'பழனிக்காரர்' என்னும் வழக்கு அதனோடு ஒக்கும். அகத்திணையிலோ தலைவன் வெற்பன், சிலம்பன், ஊரன், சேர்ப்பன், துறைவன் எனப்படுவான். இவை எந்த வெற்பு, எந்த ஊர் என்று சுட்டமாட்டா. ஒருவர் இயற்பெயர் சுட்டலாகாது என்னும் அகமரபு, ஊர்ப்பெயரால் அடையாளம் காட்டுதலையும் நீக்கி, நிலவகையொன்றனையே நிறுத்திக்கொண்டது.

7. எதிர்வழி வந்தோர்

இதுகாறும் தமிழன் இத்தாலிய மொழிக்குச் செல்லும் வழியைக் கண்டோம். அம்மொழியினின்று தமிழுக்கு வந்தோர் இவ்விடரை எவ்வாறு எதிர்கொண்டனர்? தத்துவ போதகர் எனப்பெற்ற இராபர்ட்டு தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். கான்ஸ்தாந்தினோ பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் 1680-இல் மாந்துவா நாட்டுப் பக்கத்துக் காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்து, 1710-இல் இந்தியா போந்தார். மதுரைப் பணித்தளத்துச் சேசுசபையாரைப் பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பலர் சான்று காட்டும் பழங்கடிதங்களும் ஆவணங்களும், 1895-இல் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் நிறுவப்பெற்ற சேசுசபைக் கல்லூரியிற் பேணப்பட்டமை ஈண்டு நினைக்கத்தகும்.

வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு எழுதிய இலக்கணம் இலத்தீனில் அமைந்தது. 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. இருத்தலையும் செல்லுதலையும் விகுதியாற் பிரிக்கும் இலத்தீனை நன்கறிந்தவர்க்குத் தமிழின் ஏழாவதும் நான்காவதும் அயலாகத் தோன்றியிரா. அவர் எதிர்கொண்ட பெருவினா இலக்கியத்தைச் சார்ந்தது. தேம்பாவணி தமிழர் காணாத யூதேய நாட்டினையும் எருசலேம் நகரினையும் பாடவேண்டிய காப்பியம். அதன் முதலிரு பகுதிகள் நாட்டுப்படலம், நகரப்படலம் என அமைந்தன. முகில் பொழிதலும் ஆறு பெருகுதலும் வயல் விளைதலும் ஆகிய தமிழ்க் காப்பிய மரபின்படியே அந்நாடு பாடப்பெற்றது. சூசை என்னும் பெயரை வளன் எனப் பொருள்கொண்டு பெயர்த்ததைப் போல, நாட்டினையும் அவர் பெயர்த்தார் எனலாம்.

யூதேயா மழை குறைந்த நாடு. அங்குச் செந்நெல் வயலேது என்று இதனைக் குறைகூறுவார் உளர். நிலநூல் நோக்கில் அக்குறை உண்மையே. காப்பியத்து நாட்டுப்படலம் நிலநூலாக எழுதப்பெறுவதன்று. நல்லோர் பிறத்தற்குரிய நாடு இத்தகையது என்று தமிழர் கொண்ட மரபே அதனுள் அமைவது. இடம் என்பது நிகழ்ச்சிக்குரிய களம் என்னும் தமிழ்நெறியை வீரமாமுனிவர் உணர்ந்தே மேற்கொண்டார் என்பது எம் கருத்து. அவர் தாய்மொழியில் ஊர்க்கும் நாட்டிற்கும் இட்டு வந்த 'ஆ', 'இன்' என்னும் பாகுபாடு நகரப்படலம், நாட்டுப்படலம் என்னும் பாகுபாட்டோடு ஒத்துநிற்றல் இனியதோர் ஒற்றுமை; ஆயினும் அப்படலப் பாகுபாடு அவர்க்கு முன்னரே தமிழ்க் காப்பியங்களில் நிலைபெற்றதாகலின், அதனைத் தமிழினின்று பெற்றார் என்றே கொள்க.

இருபதாம் நூற்றாண்டில் உரோமையிற் பயின்ற தனிநாயக அடிகள் அவ்விரு நெறியையும் அறிந்தவர். 'பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை' என்னும் பொருளுடைய தம் ஆங்கில நூலை 1966-இல் 'நிலக்காட்சியும் கவிதையும்' எனப் பொருள்படும் பெயரோடு மீண்டும் வெளியிட்டார். இயற்கை என்பது வரம்பின்றி விரிவது. நிலக்காட்சி என்பது ஒருவர் நின்று நோக்கும் இடத்தால் வரையறுக்கப்படுவது. பெயரில் நேர்ந்த இம்மாற்றம் திணைக்கு நெருங்கிய சொல்லை நோக்கிச் சென்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் காட்சி என்பது கண்ணொடு நிற்பது. திணையின் ஒழுக்கப்பொருள் அதனுள் அடங்காது என்பதனையும் சொல்லுதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பின்வருவன போதரும். இத்தாலிய மொழி இடத்தின் வகையை முன்னுருபாலும் பெயர்ச்சுட்டாலும் காட்டுகிறது. தமிழ் அதனை ஊர்ப்பெயரின் ஈற்றாலும், அகப்பாட்டிற்குள் தலைமக்களைக் குறிக்கும் நிலப்பெயராலும் காட்டுகிறது; உருபால் இருத்தலையும் செல்லுதலையும் பிரிக்கிறது. பொதினியும் பேகன் நாடும் மலைநாடாயிருந்தும் அவற்றைப் பாடிய பாட்டுகள் பாலையும் பெருந்திணையுமாக நிற்றலின், திணையை எல்லையுடைய நிலப்பகுதி எனப் பெயர்த்தல் பொருந்தாது.

குறிஞ்சி 12 ஆண்டிற்கு ஒருமுறை மலர்வது. 2006-இலும் 2018-இலும் கொடைக்கானல் மலைச்சரிவுகளில் மலர்ந்தது. அம்மலரைக் காண வருவோர்க்கு அதன் நிலத்தை நிலப்படத்தில் சுட்டிக் காட்டலாம். அதன் பெயர்பெற்ற திணையை அவ்வாறு காட்டவியலாது. பிறமொழி பயிலும் நம் மாணவர் தம் நாட்டினைப் பற்றி அம்மொழியில் எழுதுமுன், தாம் கூறப்புகுவது ஊரோ, நாடோ, நிலவகையோ, ஒழுக்கத்திற்குரிய களமோ என்று முதலில் துணிவாராக. சங்கப் பாடல்களை இத்தாலிய மொழியிற் பெயர்க்க முற்படும் அறிஞரும் 'ரெஜோனே' என்னும் சொல்லை இடுமுன் அகநானூற்று முதற்பாட்டின் திணையை ஒருமுறை நோக்குவாராக.